மிளகும் திப்பிலியும்: வீட்டில் பயிலும் மாணவர்க்கு யவன மருத்துவ நூல்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

பழம்பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சொல்லையும் பொருளையும் பாடவேறுபாட்டையும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆராய்வது இவ்வட்டத்தார்க்குப் புதிதன்று. அதே பயிற்சியை அறிவியல் கற்கும் ஓர் இளம் உள்ளத்தின் பொருட்டு மேற்கொள்வதாயின் எந்த நூலை எடுப்பது, எந்த நூலைத் தள்ளிவைப்பது என்பதே இவ்வுரையின் பொருள். நெல்லையிலோ பாளையங்கோட்டையிலோ, பள்ளிக்குச் செல்லாது வீட்டிலிருந்தே பயிலும் பதினைந்து வயது மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்ளலாம். உடலையும் மருந்தையும் பற்றி அறிய விழையும் அவளுக்குப் பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களைப் படிப்பிக்கலாமா? படிப்பிப்பதாயின் எவற்றை, எம்முறையில்?

வீட்டில் பயில்வது இன்று நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. 1989இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்று அமைந்து, 2002இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் எனப் பெயர் மாறிய அமைப்பின் வாயிலாக, 14 வயது நிரம்பியோர் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வையும், 15 வயது நிரம்பியோர் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான தேர்வையும் எழுதப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பயில்வோர்க்குக் காலம் தாராளமாகக் கிட்டுகிறது. ஒரு நூலோடு ஒரு மாதம் தங்கியிருக்கலாம். ஆனால் அதே தனிமையில் ஓர் இடரும் உண்டு. வகுப்பறையில் எதிர்க்கேள்வி கேட்கும் தோழர் இருப்பர். வீட்டிலோ பெற்றோர் எடுத்துக்கொடுத்த நூலே ஆசானும் நீதிபதியும் ஆகிவிடும். ஆகவே நூலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, பள்ளியிலும் வீட்டில் மிகுதி.

இவ்விடத்து இருவகை விடைகள் எளிதில் எழும். "பழைய மருத்துவம் காலாவதியாயிற்று, அதனைப் படிப்பது வீண்" என்பது ஒன்று. "பழையோர் அறியாதது எதுவுமில்லை, இன்றைய அறிவியல் அதனை இப்போதுதான் கண்டுபிடிக்கிறது" என்பது மற்றொன்று. இரண்டும் படிக்காமலே சொல்லத்தக்க விடைகள். பாடநூல்கள் பெரும்பாலும் சரியான விடைகளைத் தருகின்றன. அவ்விடைகளை ஈன்ற வினாக்களைத் தருவதில்லை. பண்டை நூல்களோ சரியான வினாவையும் தவறான விடையையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கின்றன. வினா எங்கே சரி, விடை எங்கே பிழைத்தது என்று பிரித்தறியப் பழகுவதே அறிவியல் கல்வி. மாணவி தன் கண்ணாலும் கையாலும் சோதித்தறியக்கூடிய பகுதிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் அளவுகோல்.

கிரேக்க நூல்கள் பொருநைக் கரைக்கு முற்றிலும் அயலானவை அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத வணிகர் ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய 'பெரிபுளூஸ்', பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட 'கொல்கை'யில் தண்டனை பெற்றோர் முத்துக்குளித்ததைக் குறிப்பிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டினரான தாலமி, 'பெட்டிகோ' மலையையும் அதில் தோன்றும் ஆற்றையும் தம் நிலநூலில் குறித்தார். கொல்கை என்பது கொற்கை, பெட்டிகோ என்பது பொதிகை என இனங்கண்டு எழுதியவர்களுள் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் முதன்மையானவர். முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட யவனரை அகநானூறு அறியும். அம்மிளகு கிரேக்க மருத்துவரின் கைக்குச் சென்று சேர்ந்தபோது அதைப் பற்றி அவர்கள் எழுதியதென்ன? மாணவியின் முதற்பாடம் இங்கிருந்தே தொடங்கலாம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டினரான தியோபிராஸ்டஸ், தாவரங்களைப் பற்றிய தம் நூலில், மிளகு உருண்டை, நீளம் என இருவகைப்படும் என்றார். நீண்டது திப்பிலி என்பது வெளிப்படை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகட்குப்பின், கி.பி. முதல் நூற்றாண்டில், மருந்துப் பொருள்களைப் பற்றி ஐந்து பகுதிகளில் எழுதிய டயாஸ்கொரிடீஸ் இவ்விரண்டையும் ஒரே மரத்தின் விளைவாக்கிவிட்டார். மிளகு இந்தியாவில் வளரும் குறுமரம் என்று சொல்லக் கேட்டார். அது முதலில் நீண்ட காயாகக் காய்க்கும்; அதனுள் தினை போன்ற மணிகள் இருக்கும்; அம்மணிகளே பின்னர் மிளகாகும்; முதிராதது வெண்மிளகு, முதிர்ந்தது கருமிளகு என்பது அவர் தந்த விளக்கம்.

இதனைப் படித்தவுடன் மாணவி செய்யவேண்டுவது நகைப்பதன்று. நாட்டு மருந்துக்கடையில் பத்து ரூபாய்க்கு மிளகும் திப்பிலியும் வாங்கி வந்து மேசைமீது பரப்ப வேண்டும். திப்பிலியை ஒடித்துப் பார்த்தால், அச்சு ஒன்றைச் சுற்றிப் பொடிமணிகள் நெருங்கிப் பதிந்திருப்பது தெரியும். டயாஸ்கொரிடீஸ் பொய் சொல்லவில்லை. உலர்ந்த சரக்கை உற்றுநோக்கியே எழுதினார். அவர் காணாதது கொடியை. மேற்கு மலைச்சரிவுத் தோட்டங்களில் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடியையும், நிலத்தோடு படரும் திப்பிலியையும் ஒருமுறை பார்த்திருந்தால் இரண்டும் ஒரே குடும்பத்து வேறுவேறு இனங்கள் என்று அறிந்திருப்பார். அடுத்து, மிளகைச் சில நாள் நீரில் ஊறவைத்துத் தோலைத் தேய்த்து உரித்தால் உள்ளே வெண்மிளகு தோன்றும். முதிராத காயை உலர்த்தினால் கருமிளகு; பழுத்ததை ஊறவைத்துத் தோல் நீக்கினால் வெண்மிளகு. அவர் கூறிய வரிசை தலைகீழானது.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. கிரேக்கர் மிளகை 'பெப்பெரி' என்றனர். அச்சொல் 'பிப்பலி' என்னும் திப்பிலியின் பெயரிலிருந்து சென்றது. பெயர் திப்பிலியினுடையது, பொருளோ மிளகு. சரக்கோடு பெயரும் கப்பலேறி, இறங்கிய துறையில் இடம் மாறிக்கொண்டது. இன்றைய ஆங்கிலப் பெயரிலும் அந்த இடமாற்றம் தங்கியிருக்கிறது. சொல்லாராய்ச்சியும் தாவர ஆராய்ச்சியும் ஒரே மேசையில் நிகழ்வது இளையோர்க்கு எத்துணைப் பெரிய பேறு!

இரண்டாவதாகத் தரத்தக்கது, கோஸ் தீவில் கி.மு. 460 அளவில் பிறந்த ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் 'காற்று, நீர், இடம்' என்னும் நூல். அப்பெயரால் வழங்கும் அறுபதுக்கு அணித்தான நூல்கள் ஒருவர் எழுதியவை அல்ல. பல கைகளின் ஆக்கம். அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் பலவும் ஒரே காலத்தன அல்ல என்பதை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது வியப்பளிக்காது. புதிய ஊருக்குச் செல்லும் மருத்துவர் முதலில் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் ஊரைப் பார்க்க வேண்டும் என்பது இந்நூலின் அறிவுரை. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, ஊர் எத்திசையை நோக்கியிருக்கிறது, நீர் ஊற்றிலிருந்து வருகிறதா, தேங்கிக் கிடக்கிறதா, மக்கள் எதை உண்கின்றனர் என்றெல்லாம் அது வினவச் சொல்கிறது.

இவ்வினாக்களை நெல்லைச் சீமைக்குப் பொருத்துவது ஓர் ஆண்டுக்கான பாடமாகும். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் பொருநை, 130 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் மலைக்காட்டையும், வயலையும், கடற்கரையையும் கடந்துவிடுகிறது. பாபநாசத்தில் ஒரு குப்பி, திருநெல்வேலிப் பாலத்தடியில் ஒரு குப்பி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டருகே ஒரு குப்பி என நீரெடுத்து, அதன் தெளிவையும் வண்டலையும் ஒப்பிடலாம். தென்மேற்குப் பருவத்தில் குற்றாலத்தில் சாரல் வீசும்போது, திருச்செந்தூர்த் தேரிக்காட்டில் செம்மணல் காற்றில் பறப்பதேன் என்று வினவலாம். நூல் விடை தராது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காட்டும்.

அந்நூலின் பிழைகளும் பயனுள்ளவையே. தேங்கிய நீரைக் குடிப்போர்க்கு மண்ணீரல் வீங்கும் என்று அது கூறுகிறது. கண்டது மெய், காரணம் பிழை. தேக்கத்தருகே வாழ்வோர்க்கு மண்ணீரல் வீங்கக் காரணம் குடித்த நீரன்று, மலேரியா. அதனைப் பரப்புவது கொசு. செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் 1897இல் கொசுவின் உடலில் அந்நோயின் கிருமியைக் கண்ட பிறகே இவ்விணைப்பு விளங்கிற்று. நீருக்கும் நோய்க்கும் தொடர்பு கண்ட கண்ணுக்கும், இடையிலிருந்த கொசுவைக் கண்ட கண்ணுக்கும் நடுவே இருபத்துமூன்று நூற்றாண்டுகள். குளங்கள் நிறைந்த இந்நிலத்தில் வாழும் மாணவிக்கு இதனினும் சிறந்த பாடம் அமையுமா? மற்றொன்று: நீரை அளந்து ஊற்றி, திறந்தவெளியில் உறையவிட்டு, உருகியபின் அளந்தால் குறைந்திருக்கும், ஆகவே உறையும்போது நீரின் மெல்லிய பகுதி அழிகிறது என்கிறது நூல். இன்று வீட்டுக் குளிர்பெட்டியில் மூடிய குப்பி ஒன்றிலும், திறந்த கிண்ணம் ஒன்றிலும் நீரை வைத்து இச்சோதனையை ஓர் இரவில் திருப்பிச் செய்து பார்க்கலாம். குறைவு எங்கே நேர்கிறது, ஏன் நேர்கிறது என்பது தானே புலனாகும்.

ஆயினும் இந்நூலின் பிற்பகுதியைப் பெரியவர் ஒருவர் உடனிருந்தே படிப்பிக்க வேண்டும். ஆசியாவின் மென்மையான தட்பவெப்பம் அங்குள்ளோரைக் கோழையராக்கியது என்ற கருத்து அதில் இடம்பெறுகிறது. நிலத்தைக் கொண்டு மக்களின் இயல்பை முடிவுகட்டும் இப்பழக்கம் பின்னர் உலகுக்கு விளைத்த தீமை சிறிதன்று. ஊரை வைத்தும் பிறப்பை வைத்தும் மனிதரை அளக்கும் பேச்சு இந்நிலத்திலும் உண்டன்றோ? நீரை அளந்த அதே நூல் மனிதரை அளக்காமலே தீர்ப்புச் சொன்னது என்று மாணவி தானாகவே கண்டுகொள்வாளாயின், நூலைத் தேர்ந்தவரின் நோக்கம் நிறைவேறியதாகும்.

மூன்றாவது, 'புனித நோய்' என்னும் சிறுநூல். காக்கைவலிப்பைத் தெய்வக் குற்றமாகக் கருதியவர்களையும், மந்திரம் செய்து பிழைத்தவர்களையும் மறுத்து, இந்நோயும் ஏனைய நோய்களைப் போல இயற்கைக் காரணம் உடையது, அதன் இருப்பிடம் மூளை என்று வாதிடும் நூல் இது. வலிப்பு வந்த ஆட்டின் தலையைத் திறந்து பார்க்கலாம் என்றுகூட அதன் ஆசிரியர் சொல்கிறார். மூளைக்குள் கபம் இறங்குவதே காரணம் என்னும் அவர்தம் விடை பிழை. வினாவோ இன்றும் உயிருள்ளது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்போரும், கோடாங்கியிடம் அழைத்துச் செல்வோரும் இன்னும் உள்ளனர். இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானே அடங்குவதால் இரும்புக்குப் புகழ் சேர்கிறது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணியாமல், நேரத்தைக் கவனித்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. பழைய நூலொன்று இன்றைய தெருவில் ஓர் உயிரைக் காக்கும் அறிவுக்கு வாயிலாகிறது.

நான்காவது, 'கொள்ளைநோய்கள்' என்னும் தொகுப்பின் முதலாம், மூன்றாம் பகுதிகள். இவற்றில் 42 நோயாளரின் வரலாறுகள் நாள்வாரியாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் 25 பேர் இறந்துபட்டனர். தம் தோல்வியை மறைக்காது எழுதிய மருத்துவர் அவர். மதிலருகே வாழ்ந்த ஒருவரின் காய்ச்சலைக் கூறுமிடத்து, இடைவெளிவிட்டு நெடிதாக வந்த அவருடைய மூச்சை, எதையோ நினைவுகூர முயல்பவரின் மூச்சுக்கு ஒப்பிடுகிறார். இத்தகைய மூச்சைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் செயின், ஸ்டோக்ஸ் ஆகியோரின் பெயரால் இன்று குறிப்பர். அணிக்காக அன்றி, கண்டதைத் துல்லியமாகச் சொல்லவே அங்கு உவமை பிறந்தது. கவிஞர் வட்டத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாணவி தன் வீட்டில் ஒருவர்க்குச் சளிக்காய்ச்சல் வந்தால், வெப்பநிலை, உணவு, உறக்கம், நிறம் ஆகியவற்றை அவ்வாறே நாள்வாரியாக எழுதிப் பழகலாம். கருத்தைக் கலவாமல் கண்டதை எழுதுவது எத்துணை அரிது என்பது முதல் நாளிலேயே விளங்கும்.

ஐந்தாவது, 'குழந்தையின் இயல்பு' என்னும் நூலில் வரும் ஒரு பகுதி. இருபது முட்டைகளைக் கோழிக்கு அடைவைத்து, நாளுக்கு ஒன்றாக உடைத்துக் கருவின் வளர்ச்சியைப் பார்க்கச் சொல்கிறது அது. இன்று ஒரு முட்டையையும் உடைக்க வேண்டுவதில்லை. நாட்டுக்கோழி அடைகாக்கும் வீட்டில், இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை முட்டைக்குப் பின்னிருந்து செலுத்தினால், ஏழெட்டு நாளில் குருதிக்குழாய்கள் சிலந்திவலைபோல் விரிந்திருப்பது தெரியும். கூமுட்டை வெறுமையாக ஒளிரும். 21 நாள் ஒரு குறிப்பேட்டில் நிறைந்தால் அது எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததன்று.

கேலனை இறுதியாகவே தரவேண்டும். கி.பி. 129இல் பெர்கமத்தில் பிறந்த அவர், சிறுநீர் நீராவியாகப் பைக்குள் புகுகிறது என்ற கூற்றை மறுக்க, விலங்கின் சிறுநீர்க் குழாய்களைக் கட்டிக்காட்டினார். கட்டினால் பை வெறுமையாகவும் குழாய் வீங்கியும் இருந்தன. கட்டை அவிழ்த்தால் பை நிறைந்தது. செய்து பார்க்கத்தக்கதன்று எனினும், வாதத்தைச் சோதனையால் தீர்க்கும் முறைக்கு இது சிறந்த சான்று. அவரே, இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே குருதி கசிகிறது என்றார். குரங்கிலும் மாட்டிலும் கண்டதை மனிதர்மேல் ஏற்றினார். அவர் சொல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் செல்வாக்கோடு நின்றது. 1543இல் வெசேலியஸும் 1628இல் வில்லியம் ஹார்வியும் அதனைத் திருத்தினர். எனவே ஹார்வியின் துணையின்றிக் கேலனைப் படிப்பித்தல் கூடாது. புறங்கை நாளம் ஒன்றை விரலால் அழுத்தி, மற்றொரு விரலால் இதயத்தை நோக்கித் தடவிவிட்டால், அழுத்திய விரலை எடுக்கும்வரை அது வெறுமையாயிருப்பதைக் காணலாம். ஹார்வி காட்டிய இச்சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டா.

தள்ளிவைக்க வேண்டியவையும் உள. மருந்து முறைகள் அனைத்தும் அவற்றுள் அடங்கும். ஈயமும் நச்சுப்பூண்டுகளும் அந்நூல்களில் மருந்தாக வருகின்றன. படிக்கலாம், செய்து உண்ணலாகாது. பாதரசமும் தாளகமும் வீரமும் பேசும் சித்த நூல்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

இங்ஙனம் கூறுவது சித்த மருத்துவத்தைக் குறைப்பதன்று. 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. அங்கு 'குணபாடம்' என்னும் பெயரில் மருந்துப்பொருள்களின் இயல்பு கற்பிக்கப்படுகிறது. டயாஸ்கொரிடீஸின் மிளகுப் பகுதிக்கு அருகே குணபாடத்தின் மிளகுப் பகுதியை வைத்துப் படிக்க வேண்டும். கிரேக்கர் குருதி, கபம், மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என நான்கு கூறினர். தமிழ் மருத்துவம் வாதம், பித்தம், கபம் என மூன்று கூறியது. யார் யாரிடம் கடன்பெற்றார் என்ற வழக்கை விட, ஒரே உடலைப் பார்த்த இருவர் ஏன் வெவ்வேறு எண்ணிக்கை கண்டனர் என்ற வினாவே மாணவிக்கு உரம் தரும். அயலார் நூலுக்கு ஓர் அளவுகோல், தம்மவர் நூலுக்கு மற்றோர் அளவுகோல் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நூல்களுமே கற்கப்படாமல் போகும்.

தமிழ் மாணவர்க்கு மருத்துவ நூல் தேர்ந்த முன்னோடி ஒருவரையும் இங்கு நினைத்தல் தகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தம் மாணவர்க்கெனக் கட்டர் என்பாரின் பள்ளிப் பாடநூலைத் தமிழாக்கினார். பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' எனப் பல நூல்களை வெளிக்கொணர்ந்தார். கற்போன் வாழும் ஊரில், கற்போன் பேசும் மொழியில் அறிவு சென்று சேரவேண்டும் என்பதே அவர் தேர்வின் அடிப்படை. கிரேக்க நூல்களை நாடுவோர்க்கு இன்று எளிதில் கிட்டுபவை ஆங்கில மொழிபெயர்ப்புகளே. லாய்ட் பதிப்பித்த ஹிப்போகிரட்டீஸ் தொகுப்பு ஒரே நூலில் இங்குக் கூறிய நான்கையும் தருகிறது. ஜோன்ஸ், ப்ராக் ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் கிரேக்க மூலத்தை எதிர்ப்பக்கத்தில் கொண்டவை.

ஆயினும் ஆங்கிலம் வாயிலாக மட்டுமே அவை இந்நிலத்து இளையோரை அடைய வேண்டுமா? 'காற்று, நீர், இடம்' சிறிய நூல். 'புனித நோய்' அதனினும் சிறிது. நாள்வாரி நோய்க்குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துள் அடங்கும். சொற்சிக்கனம் அறிந்த கவிஞர்கள் கைவைத்தால் அவை செம்மையான தமிழில் அமையும்; பக்கத்தின் ஓரத்தில் பாபநாசத்து நீருக்கும் தேரிக்காட்டு மணலுக்கும் இடம் விட்டு அச்சிடலாம். பத்தாண்டு கடந்த இலக்கிய வட்டத்தின் அடுத்த பணிகளுள் ஒன்றாக இது அமையத்தக்கது. அந்நூலைக் கையிலேந்தும் மாணவி, யவனர் எழுதியது என்பதற்காக நம்பவும் மாட்டாள். பழையது என்பதற்காகத் தள்ளவும் மாட்டாள். திப்பிலியை ஒடித்துப் பார்த்தபின்பே பேசுவாள்.